யானைக்கு இடது பக்கம்

உஷாராணி: தம்பி, இப்ப எந்தப் பக்கம் போறதுன்னு சொல்லுங்க. போற வர்றவங்க எல்லாம் பெட்டியால இடிச்சிட்டுப் போறாங்க.

குரு: நேரா போங்க ஆன்டி. ஒண்ணும் பயப்படாதீங்க லா. ஏர்போர்ட்டு எனக்கு வீடு மாதிரி.

உஷாராணி: அந்தத் தைரியத்துலதான் ஃபோன் போட்டேன். அலோர்ஸ்டார்லேருந்து கேஎல் வந்து எறங்கியாச்சு. பெர்த் பிளேன் அஞ்சு மணிக்கு. இத விட்டா நாளைக்குத்தானாம். அங்க மருமகளுக்குப் பிரசவம் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு.

குரு: விட மாட்டோம் ஆன்டி. நான் இருக்கேன்ல?

உஷாராணி: தனியா போறது இதான் மொத தடவை. அமுதா அப்பா இருந்தவரைக்கும் அவரு பாட்டுக்கு முன்னால போவாரு, நான் பின்னால போவேன்.

குரு: இனிமே எங்க போனாலும் நானே கூட வரேன் ஆன்டி.

உஷாராணி: இன்னும் முடிவு பண்ணல தம்பி.

குரு: ஆமா... ஆமா. பொதுவா சொன்னேன்.

உஷாராணி: அமுதவள்ளிய உங்களுக்குக் குடுக்குறதா வேணாமான்னு என் மகன் ரிஷியையும் ஒரு வார்த்தை கேக்கணும். அண்ணங்காரன் இல்லையா? பெர்த்துல போய் எறங்குன உடனே, "மாப்பிள்ளை எப்படிம்மா"ன்னுதான் கேப்பான்.

குரு: நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க ஆன்டி.

உஷாராணி: மொதல்ல பிளேன்ல ஏத்தி விடுங்க. ஆமா, ஏர்போர்ட்டுலதான வேல செய்றீங்க? நேர்ல வந்து கூட்டிட்டுப் போனா என்ன?

குரு: டியூட்டில இருக்கேன் ஆன்டி. இது வேற பில்டிங். விட மாட்டாங்க.

கிஷன்: டேய் குரு! லோரிய எடுடா! பின்னால ரெண்டு லோரி நிக்குது!

உஷாராணி: யாரு தம்பி அது?

குரு: கூட வேல செய்றவரு, கிஷன். தமாஷ் ஆளு. பிளேன லோரின்னுதான் சொல்வாரு.

உஷாராணி: எல்லா பிளேனையுமா?

குரு: பெரிய பிளேன மட்டும்.

உஷாராணி: பீப் பீப்னு ஒரு சத்தம் வருதே...

குரு: பிளேன் ரிவர்ஸ் எடுக்குது ஆன்டி.

உஷாராணி: ஓஹோ! சரி, இங்க ஒரு யானை நிக்குது.

குரு: என்னது?

உஷாராணி: யானை சிலை தம்பி. தங்கக் கலர்ல, ஆளு ஒசரத்துக்கு. உங்களுக்குத் தெரியாததா?

குரு: ஆ... அந்த யானையா! தெரியாம என்ன? தினம் அது பக்கத்துலதான் உக்காந்து சாப்புடுறோம். அதுக்கு எடது பக்கம் திரும்புங்க.

உஷாராணி: தும்பிக்கைக்கு எடதா, வாலுக்கு எடதா?

குரு: தும்பிக்கைக்கு.

உஷாராணி: தும்பிக்கைய மேல தூக்கி வச்சிருக்கே.

குரு: தூக்கித்தான் வச்சிருக்கும். டூரிஸ்ட்டுங்கள வரவேற்க வச்சது ஆன்டி.

உஷாராணி: நல்ல ஏற்பாடு. திரும்பிட்டேன். படிக்கட்டு ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது.

குரு: மேல போங்க.

உஷாராணி: பெர்த் போறவங்க கீழன்னு போர்டு இருக்கே.

குரு: கீழதான். அதத்தான் நானும் சொன்னேன்.

உஷாராணி: மேலன்னு காதுல விழுந்துச்சு.

குரு: இங்க சத்தம் ஜாஸ்தி ஆன்டி.

உஷாராணி: இருக்கும், இருக்கும். பாஸ்போட் பாத்து அனுப்பிட்டாங்க... இங்க ஒரு ரயில் நிக்குது. ஏறவா?

குரு: ரயிலா! ஐயோ, ஏறிடாதீங்க! அது கேஎல் சென்ட்ரலுக்குப் போயிடும். பிரிக்பீல்ட்ஸ்ல பெட்டியோட நிப்பீங்க!

உஷாராணி: எல்லாரும் போடிங் பாஸைக் கையில வச்சுக்கிட்டு ஏறுறாங்களே தம்பி.

குரு: அப்ப... ஏறுங்க. நான் சொன்னது வேற ரயில்.

உஷாராணி: எறங்கியாச்சு. அடேயப்பா! இங்க பில்டிங்குக்கு நடுவுல ஒரு காடே இருக்கு. நெசமான மரம். தண்ணி கொட்டுற சத்தம் வேற.

குரு: காடா?

உஷாராணி: காடுதான்.

குரு: ஏர்போர்ட்டுக்குள்ள எங்க ஆன்டி காடு இருக்கும்? நீங்க வெளிய வந்துட்டீங்க! போச்சு! ஒடனே திரும்பிப் போங்க!

உஷாராணி: எங்க திரும்புறது?

குரு: யானைகிட்ட!

உஷாராணி: மறுபடியும் யானைகிட்டயா? மணி நாலரை ஆச்சு. நாலு நாப்பதுக்கு கேட்டை மூடிடுவாங்கன்னு டிக்கெட்டுல போட்டிருக்கு. சொல்லுங்க தம்பி, யானைகிட்ட போகவா, காட்டத் தாண்டிப் போகவா? நீங்க கை காட்டுற பக்கம் போறேன். உங்களத்தான் நம்பி இருக்கேன்.

குரு: ஆன்டி, அது வந்து...

உஷாராணி: தம்பி? லைன்ல இருக்கீங்களா?

கிஷன்: குரு! சூப்பர்வைசர் வராருடா!

குரு: இரு கிஷன்! ஆன்டி... என் பேச்சக் கேக்காதீங்க.

உஷாராணி: எந்தப் பேச்ச?

குரு: எல்லாத்தையும். இவ்வளவு நேரம் நான் சொன்ன வழி பூரா பொய். அந்த யானைய நான் பாத்ததே இல்ல. ஏர்போர்ட்டுக்குள்ள இதுவரைக்கும் காலெடுத்து வச்சதில்ல. தெலுக் பங்லிமா காராங் ஊர்ல இருக்குற ஃபேக்டரியில பெட்டி ஏத்திட்டு வந்து, ஏர்போர்ட்டு பின்பக்கம் எறக்கிட்டுத் திரும்பிடுவேன். லோரி டிரைவர் ஆன்டி. இப்பவும் ஃபேக்டரி வாசல்லதான் நிக்கிறேன்.

உஷாராணி: அப்ப பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, ஏர்போர்ட்டுல வேலன்னு சொன்னது?

குரு: ஏர்போர்ட்டுக்கு லோரி ஓட்டுறேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏர்போர்ட்டுன்னு சொன்ன உடனே உங்க எல்லாரு மொகமும் அப்படி மலர்ந்துச்சு. உங்க சித்தப்பா எந்திரிச்சு எனக்குக் கை குடுத்தாரு. மிச்சத்த முழுங்கிட்டேன்.

உஷாராணி: அமுதாவுக்குத் தெரியுமா?

குரு: தெரியாது! சாமி சத்தியமா அவளுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் நான் பண்ணது. என்னை வேணாம்னா வேணாம்னே ரிஷிகிட்ட சொல்லிடுங்க. அத அப்புறம் பாத்துக்கலாம். இப்ப யூனிஃபார்ம் போட்டவங்க யாரு இருந்தாலும் போய்ப் புடிங்க. டிக்கெட்ட காட்டுங்க. ஓடுங்க ஆன்டி, சீக்கிரம், சிப்பாட் லா! என்னால பிளேன விட்டுடாதீங்க!

உஷாராணி: கத்தாதீங்க தம்பி. பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க.

குரு: உக்காந்து... நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?

உஷாராணி: பெர்த் பிளேன் நிக்கிற கேட்டுக்கு நேர் எதுர. வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. தலைக்கு மேல போர்டு போட்டிருக்கான், படிச்சுக்கிட்டே வந்துட்டேன்.

குரு: அப்ப ரயிலு, காடு...

உஷாராணி: அதெல்லாம் நான் வந்த வழிதான், நெசம். யானைதான் நானாப் போட்டது.

குரு: அலமாக்! ஏன் ஆன்டி இப்படி...

உஷாராணி: நீங்க லோரி ஓட்டுறத அமுதா போன மாசமே சொல்லிட்டா. "அவரே சொல்வாரும்மா, நீங்க கேக்காதீங்க"ன்னு ஒரே அழுகை. எப்பதான் சொல்வீங்கன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்.

குரு: லோரி டிரைவருன்னு தெரிஞ்சுமா ஆன்டி சும்மா இருந்தீங்க?

உஷாராணி: லோரி ஓட்டுனா என்ன? அமுதா அப்பா என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, டவுன்ல சொந்தமா மளிகைக் கடை இருக்குன்னு சொன்னாரு. கல்யாணமாகி மூணாம் நாள் ஆசையா கடையப் பாக்கப் போறேன், கல்லாவுல ஒரு சீனத் தவுக்கே மொதலாளியா உக்காந்திருக்காரு, இவரு பின்பக்கமா அரிசி மூட்டை தூக்கிட்டு வராரு. நல்ல மனுசன், ஆனா முப்பத்தோரு வருஷத்துல அதப் பத்தி ஒரு வார்த்தை வாயத் தொறக்கல. நீங்க பிளேன் கேட் மூட பத்து நிமிஷம் இருக்கும்போதே சொல்லிட்டீங்க. ஃபோன வைக்கிறேன் மாப்பிள்ளை, ஏறச் சொல்றாங்க.