மேடம் வீட்டு மீன் தொட்டி

"அந்த மேடம் குப்புறப் படுத்துக்கிட்டுதான் எனக்குத் தைரியம் சொன்னாங்க."

மத்திகிரி டவுன் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்ததும் கையிலிருந்த போனை மடியில் வைத்துவிட்டேன். நர்ஸ் உடையில் இரண்டு பெண்கள்.

"எந்த மேடம்க்கா?" என்றாள் இளையவள்.

"கொரோனா அப்ப எங்களுக்குக் கவுன்சலிங் குடுக்க பெங்களூர்லருந்து டெய்லி போன் பண்ணுவாங்க. மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. வார்டுல ஒருத்தர் போயிட்டா அவங்ககிட்டதான் அழுவேன். ஒருநாள் பேசறப்ப பின்னாடி குபுகுபுன்னு சத்தம். என்ன மேடம்னா, மீன் தொட்டிம்மா, நீ சொல்லுன்னாங்க."

"சரி."

"என்ன சரி? ஆக்சிஜன் ஓடறப்ப பாட்டில் தண்ணி குமிழி விடற சத்தம் எனக்குத் தெரியாதா? உங்களுக்கு ஆக்சிஜன் எத்தன லிட்டர் வெச்சிருக்காங்க மேடம்னு கேட்டேன்."

"அய்யோ! என்ன சொன்னாங்க?"

"யாருக்கும் சொல்லிராதம்மா, தெரிஞ்சா என்னப் பேச விடமாட்டாங்கன்னாங்க. குப்புறப் படுத்தா மூச்சு லேசாவும்னு நாந்தான் அதட்டிப் படுக்க வெச்சேன். தலகாணில மூஞ்சிய வெச்சுக்கிட்டு, நீ சாப்பிட்டியாம்மான்னு கேக்கறாங்க."

"இப்படியும் ஒரு மனுஷியாக்கா!"

பஸ் கால்நடைப் பண்ணையைத் தாண்டியது.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. நேத்துகூடப் பேசினாங்க. ஆனா இன்னிக்கும் அவங்க போன் வந்தா, ஹலோ சொல்றதுக்கு முன்னாடி அந்தச் சத்தம் கேக்குதான்னுதான் பாப்பேன்."