ஐஸ் முதலில் வரும்

இந்த அறையில் ஏசியைக் கொஞ்சம் அதிகமாக வைத்திருக்கிறீர்கள், மேடம். எனக்கு ஒன்றுமில்லை, பழக்கம். உங்களுக்குத்தான் வந்ததிலிருந்து தும்மல். குறைத்துவிட்டு நிதானமாக உட்காருங்கள், நான் எங்கும் ஓடிப்போக மாட்டேன்.

வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், கேட்காததையும் சொல்கிறேன். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். என் மனைவியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டுமென்றால் அவளைச் சூடாக்கியாக வேண்டும். சூடாக்கினால் தீர்ந்தது கதை. அப்புறம் எந்தக் காலத்து விஞ்ஞானம் வந்தாலும் அவளை எழுப்ப முடியாது. நானே முழுசாக ஒப்புக்கொண்டுவிட்டால் உங்களுக்குப் பரிசோதனை எதற்கு? அதற்காகத்தான் காலையிலிருந்து இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் நிறுவனத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வாய்க்கு வந்தபடி எழுதுகிறார்கள். விஷயம் ரொம்பச் சாதாரணமானது. சாக விரும்பாதவர்கள் எங்களிடம் பெயர் கொடுத்து வைக்கிறார்கள். இதயம் நின்றதும் டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுப்பார். அந்த நிமிடமே ஆளை ஐஸில் இறக்குவோம். இரத்தத்தை எடுத்துவிட்டு உறையாத திரவம் ஒன்றை ஏற்றி, திரவ நைட்ரஜன் தொட்டியில் வைப்போம். தலைகீழாகத்தான் வைப்போம். தொட்டி என்றைக்காவது கசிந்தால் கால் முதலில் கெடட்டும், தலை கடைசிவரை தப்பிக்கட்டும் என்று. எதிர்கால மருத்துவம் அவர்களை எழுப்பும். எழுப்புமா என்று கேட்காதீர்கள். எழுப்பாது என்று உங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

மனிதன் சாகாமல் இருக்க ஆசைப்படலாமா என்று சற்று முன்னால் கேட்டீர்கள். பல்வலி வந்தால் டாக்டரிடம் போகிறீர்கள். நெஞ்சுவலி வந்தாலும் போவீர்கள். தொண்ணூறு வயதில் வந்தால் போக மாட்டீர்களா? இதோடு போதும், இனிமேல் சாகலாம் என்று எந்த இடத்தில் கோடு போடுவீர்கள்? நான் பார்த்தவரை எல்லாரும் அடுத்தவனுக்குத்தான் கோடு போடுகிறார்கள்.

என் வேலை காத்திருப்பது. போகப்போகிறவரின் படுக்கைக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டிகளோடு எங்கள் குழு உட்கார்ந்திருக்கும், நான் அதற்குத் தலைவன். சொந்தக்காரர்கள் எங்களைப் பார்க்கிற பார்வையே தனி. ஒரு வீட்டில் மருமகள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள், சினிமாவுக்கு நேரமாகிற மாதிரி. எங்களுக்குள் ஒரு வழக்கமும் உண்டு. செத்துப்போனார், பிணம் என்றெல்லாம் யாரும் சொல்லக் கூடாது. நோயாளி என்றும், நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றும்தான் சொல்ல வேண்டும். வாய் தவறியவர் அன்றைக்கு எல்லாருக்கும் டீ போட்டு டம்ளரையும் கழுவ வேண்டும். சேர்ந்த புதிதில் தினமும் நான்தான் போட்டேன், கிண்டல் பண்ணியே கொன்றுவிட்டார்கள். பிறகு வாய் பழகிவிட்டது. பல வருஷமாக நான் டீ போடவே இல்லை.

எங்களிடம் பேராசிரியர் ஒருவர் இருந்தார், கணிதக்காரர். மூளையில் கட்டி. "உடம்பு எக்கேடோ கெட்டுப் போகட்டும்ப்பா, மூளையை மட்டும் பத்திரமா பாத்துக்கோ" என்பார். ஆனால் இதயம் நிற்கும்வரை நாங்கள் கைகட்டிக்கொண்டு நிற்க வேண்டும், சட்டம் அப்படி. நின்றோம். கட்டி வளர்ந்தது. கடைசியில் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு, அது எதற்கு என்று தெரியாமல் குழந்தை மாதிரி அழுதார். அதற்கெல்லாம் பிறகுதான் இதயம் நின்றது. விதிப்படி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து தொட்டியில் வைத்தோம். திருடன் துடைத்தெடுத்துக்கொண்டு போன வீட்டுக்கு நல்ல பூட்டாக வாங்கிப் போட்டோம், அவ்வளவுதான். எனக்கு வயிறெரிந்தது.

அடுத்து வந்தவர் மரக்கடைக்காரர். அவருக்கும் அதே வியாதி. பேராசிரியரின் கதையை எப்படியோ கேள்விப்பட்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் நானா இருக்கும்போதே என்னை அனுப்பி வெச்சுடு" என்றார். அனுப்பி வைத்தேன். எப்படி என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்துக்கொள்ளட்டும், அதை நான் பாடம் நடத்தப் போவதில்லை. எப்படியும் போகிறவர்தானே என்று யாரும் சந்தேகப்படவில்லை. அவருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் வாயைத் திறந்து கேட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். சிலர் கண்ணால் கேட்டார்கள். சிலர், கேட்கும் நிலையில் இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள். அவர்களைப் பற்றிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொல்கிறேன். இப்போது என் மனைவியைப் பற்றிப் பேசலாம்.

அவள் தையல்காரி. கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. ஆளை ஒரு பார்வை பார்த்தே தோள் அளவு சொல்லிவிடுவாள். உலகத்துக்கே நான் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன். அவள் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "வாங்க ஐஸ்காரரே, இன்னைக்கு யாரைத் தூக்கி ஃப்ரிட்ஜுல வெச்சீங்க?" என்பாள். என்னை அப்படிக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான். உனக்கும் ஒரு இடம் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டால், "ஐயோ சாமி, ஆளை விடுங்க. உயிரோட இருக்கும்போதே உங்க குறட்டை தாங்கல. செத்த பிறகும் உங்க பக்கத்துல தலைகீழா தொங்கணுமா?" என்பாள். பல தடவை கேட்டேன். பல தடவையும் இதே பதில்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஒரு சட்டையின் இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். சட்டைக்காரர் சிரித்தார், அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த மாதம் கடைக்கு வழி தெரியாமல் நடுத்தெருவில் நின்றாள். டாக்டர் படமெடுத்துப் பார்த்தார். மறதி நோய், மெல்ல மெல்லக் கூடும், ஆனால் உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது, பல வருஷம் நன்றாக இருப்பார்கள் என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அந்தப் பல வருஷம்தான் பயமாக இருந்தது. இதயம் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே ஒவ்வொன்றாகக் காலியாகும், நான் கைகட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்.

மகள் எங்களோடு வந்து இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, அதைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டாள். என் மனைவி பழைய துணிகளைக் கோணல்மாணலாக வெட்டித் தலையணை உறை தைப்பாள், பாட்டுப் பாடுவாள், ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பாள். அம்மாவை எங்கள் இடத்தில் சேர்த்துவிடலாம் என்று மகளிடம் பேச்செடுத்தேன்.

"அம்மா வேண்டாம்னு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க. அவங்க மறந்துட்டாங்கன்னா நாமளும் மறந்துடணுமாப்பா?"

"அவளுக்கு இப்ப என்ன தெரியும்?"

"சந்தோஷமா இருக்கத் தெரியுதே. விடுங்கப்பா."

மகள் நல்ல பெண். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவள் இந்தத் தொழிலில் இல்லை, அதுதான் வித்தியாசம்.

பிறகு ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். என் மனைவி நாற்காலியிலிருந்து மரியாதையாக எழுந்து நின்றாள். மகளின் காதருகே குனிந்து, "யாருடி இவரு? பாவம், களைச்சுப் போய் வந்திருக்காரு. ஒரு டீ குடுத்து அனுப்பு" என்றாள். மகள் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே அழுதாள். என்னைக் கட்டிக்கொண்டு, "நாளைக்குச் சரியாயிடும்ப்பா" என்றாள். மகளை அவளுக்குத் தெரிந்தது, மேடம். எதிர்வீட்டு நாயின் பெயர்கூட ஞாபகம் இருந்தது. முதலில் போனது நான். அவமானமாக இருந்தது, உங்களிடம் மறைப்பானேன். மகள் போட்டுத் தந்த டீயை விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்து குடித்தேன்.

மறுநாள் காலையில், "என்ன ஐஸ்காரரே, மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள். நேற்று நடந்தது எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் முடிவு செய்தேன். செய்வதாக இருந்தால் இப்படி ஒரு நல்ல நாளில்தான் செய்ய வேண்டும். என்னை அடையாளம் தெரியாத நாளில் அவளை நிறுத்தி வைத்து என்ன பிரயோஜனம்? எழுந்து வந்து மறுபடியும் யாரிவர் என்று கேட்பாள். அலுவலகத்தில், மனைவிக்கு இதயம் கொஞ்சம் பலவீனமாக இருப்பதாக அங்கங்கே சொல்லி வைத்தேன். எங்கள் நிறுவனத்து டாக்டரும் தலையாட்டினார். காத்திருப்பது எனக்குப் புதிதில்லையே.

அந்த நாள் வந்தது. காலையில் எழுந்ததும் தெளிவாக இருந்தாள். சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள், நேராகவே தைத்தாள். ஐஸ்காரரே என்று கூப்பிட்டுக் கிண்டல் பண்ணினாள். நான் உள்ளே போய் ஐஸ் வண்டிக்கு போன் செய்தேன்.

என்னைப் பிடித்துக் கொடுத்தது அந்த போன்தான் என்று எனக்கும் தெரியும். மகள் வேலைக்குக் கிளம்பும்போது தெருமுனையில் வண்டி நின்றிருக்கிறது. ஜூஸ் கடைக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். மத்தியானம் வந்து கூடத்தில் தன் அம்மாவை ஐஸ் தொட்டிக்குள் பார்த்தபோது, அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அம்மா நல்லா இருக்கும்போதே வண்டி எதுக்குப்பா வந்துச்சு?" வேறு யாராக இருந்தாலும் காரியம் முடிந்த பிறகு கூப்பிட்டிருப்பார்கள். எனக்குக் கை தானாகப் போய்விட்டது. எங்கள் தொழிலில் ஐஸ் முதலில் வரும், மற்றது பிறகுதான் வரும்.

மகள் போன பிறகு என் வேலைப் பையைத் திறந்தேன். சத்து ஊசி என்று சொன்னேன். எதையெதையோ மறந்தவள் அந்தப் பையை மறக்கவில்லை.

"இது உங்க ஃப்ரிட்ஜு கம்பெனிப் பையில்ல? என்னங்க பண்ணப் போறீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். பேராசிரியரைப் பற்றிச் சொன்னேன், ஸ்பூனைப் பற்றிச் சொன்னேன், அவள் எனக்கு டீ கொடுத்து அனுப்பச் சொன்னதையும் சொன்னேன். அதைக் கேட்டுக் கண் கலங்கினாள். என் கன்னத்தைத் தொட்டாள்.

"வேண்டாங்க. நான் மறந்தா மறந்துட்டுப் போறேன். நீங்க ஞாபகம் வெச்சுக்கோங்க, எனக்கு அது போதும்."

இவ்வளவு கோவையாக அவள் பேசி மாதக்கணக்காகியிருந்தது. கேட்கக் கேட்க எனக்கு நம்பிக்கை வந்தது. இதைவிட நல்ல நிலையில் அவள் இனி இருக்கப் போவதில்லை. இதுதான் நேரம்.

அவள் எழுந்தாள். பிடித்துக்கொண்டேன். தையல்காரி கை, நல்ல பலம். என் முழங்கையில் இருக்கும் கீறலை உங்கள் ஆட்கள் போட்டோ எடுத்திருக்கிறார்கள், அது அவளுடையதுதான். மகளைக் கூப்பிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள், என் பெயரைச் சொல்லி. கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. அவளுக்கு என் பெயர் தெரிந்திருந்தது. சரியான நாளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தது.

ஆமாம், நான்தான் செய்தேன். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் அலுவலகத்தில் வேறு வார்த்தை இல்லையென்றால் நான் சண்டை போட மாட்டேன். கையெழுத்துப் போடுகிறேன். அம்மாவை வெளியே எடுத்து அடக்கம் செய்யச் சொல்லி மகள் மனுக் கொடுத்திருக்கிறாள் என்கிறீர்கள். அவளிடம் பேசுங்கள், மேடம். அம்மாவின் தலைக்குள் எங்கள் கல்யாணம் இருக்கிறது, மகள் பிறந்த நாள் இருக்கிறது, கடை இருக்கிறது, நான் இருக்கிறேன். ஒன்றுவிடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

உறைவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் நடந்தது மட்டும் மூளையில் சரியாகப் பதியாது என்று எங்கள் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அதையும் நான் முன்பே நன்றாக விசாரித்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுத்தேன். அவள் எதையும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் மறந்துவிட்டால் போதும்.