பக்கத்து வீட்டு டப்பா

ஆண்டர்சன்பேட்டையிலிருந்து கோலாருக்குப் போகும் பஸ். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் மடியில் கஞ்சித் தூக்கு.

"எங்க வீட்டுக்காரரு டப்பாவுல குடுத்தது அவரோட வெளிக்கியே இல்லக்கா."

"இன்னாடி சொல்ற?"

"குடல் பூச்சிய ஆராய்ச்சி பண்றோம், மலத்த டப்பாவுல குடுங்கன்னு டாக்டருங்க வந்தாங்களே, அப்ப. பூச்சி இருந்தா சுரங்க ஷாஃப்ட்ல வேலைக்கு எறக்க மாட்டாங்கன்னு பயந்துகினு, பக்கத்து வீட்டு அண்ணனோடத வாங்கினு போயி குடுத்துட்டாரு. எங்க லைன் வீடுங்கள்ல பாதிப் பேரு அப்படித்தான்."

"அப்பால?"

"வயிறு சுத்தம்னு எழுதிட்டாங்க. பூச்சி இருந்தவங்களுக்கெல்லாம் மாத்திரை குடுத்தாங்க, இவருக்கு இல்ல. இப்ப பூச்சி உறிஞ்சி ஒடம்புல ரத்தமே இல்லாம ஆஸ்பத்திரில வெளுத்துப்போயி கெடக்கறாரு."

"டாக்டருகிட்ட நெஜத்தச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"நேத்துதான் சொன்னேன். தலையில அடிச்சிகினாரு. மொதல்ல ரத்தம் ஏத்தணுமாம்."

"யாரு குடுக்கறாங்க?"

டிரைவருக்குப் பின்னால் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஆளை அவள் கண்ணால் காட்டினாள்.

"அதே அண்ணந்தான். அன்னிக்கு அவரு வெளிக்கி, இன்னிக்கு அவரு ரத்தம். எங்க வீட்டுக்காரருக்குன்னு சொந்தமா இருக்கறது அந்தப் பூச்சி மட்டுந்தான்க்கா."