மணல் நிரப்பிய பேசின்

நின்று நின்றே முழங்கால் தேய்ந்தவன் நான். உட்காரச் சொன்னீர்கள், நன்றி.

விருத்தாசலத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு பீங்கான் பட்டறை. உள்ளே தேர்தல் முடிந்து வைத்த ஓட்டு எந்திரங்கள், வெளியே எங்கள் காவல். ஏட்டு நான், எனக்குக் கீழே விருத்தகிரியும் தனக்கோடியும். தானே குண்டேற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு வரிசைதான் முக்கியம். முதலில் தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகு குழலில் மிச்சமிருப்பது வெளியே விழ போல்ட்டை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஒரு தோட்டா குழலுக்குள் ஏறிக்கொள்ளும், வெளியே தெரியாது. அதனால் பணி மாறும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்து, "காலி" என்பேன். அப்புறம்தான் மணலை நோக்கி விசையை அமுக்கலாம்.

மணல்தொட்டி கேட்டு எழுதினேன், பதில் இல்லை. பட்டறையில் விரிசல் கண்டு ஒதுக்கிய கக்கூஸ் பேசின் ஒன்று கிடந்தது. அதில் மணலை நிரப்பி, 'பாதுகாப்பு மையம்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதினேன்.

"ஏட்டய்யா, இதுல சுடணுங்களா, குந்தணுங்களா?" என்றான் விருத்தகிரி.

தினமும் அரைமணி நேரம் பாதுகாப்பு வகுப்பு எடுப்பேன். அவன் கொட்டாவி விடுவான். புகையிலைக் கறை படிந்த அந்த வாய் உள்நாக்குவரை தெரியும். சோறு இறங்காது எனக்கு.

அன்று காலை தனக்கோடி அவசரத்தில் முதலில் போல்ட்டை இழுத்துவிட்டு, அப்புறம் மேகசினைக் கழற்றினான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திருத்த வாயெடுத்த நேரம், விருத்தகிரி போய் பேசின்மேல் குந்தி முக்கிக் காட்டினான்.

"பாதுகாப்பா போயிட்டு வரேங்க ஏட்டய்யா!"

தனக்கோடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏந்திரிங்கண்ணே, நான் வூட்டுக்குப் போவணும்."

"காலி. அமுக்கு" என்றேன்.

"அவரு குந்தியிருக்காருங்களே."

"காலின்னேன்ல."

என் சொல்லை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.

பீங்கான் சில்லு, ஈர மணல், விருத்தகிரி. பெயிண்ட் எழுத்தில் பாதி போய்விட்டது.

இப்போது என் வகுப்பில் ஒருவரும் கொட்டாவி விடுவதில்லை. ஒரு ஆள் போனதில் எத்தனை உயிர் மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

தனக்கோடியை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் சம்சாரம் துர்கா கைக்குழந்தையோடு என் வாசலில் உட்கார்ந்து அழுதாள். அதற்காக நான் வரவில்லை. 'கவனக்குறைவால் தோட்டா வெடித்தது' என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காக வந்தேன். அதை அடித்துவிடுங்கள். உள்ளே தோட்டா இருப்பது தெரிந்துதான் காலி என்றேன்.

இருபத்திரண்டு வருஷமாக என் காவலில் ஒரு தோட்டாகூடத் தவறுதலாக வெடித்ததில்லை.