அறுபத்தொன்பதில் பிறந்த கண்ணாடி

சரோஜா: “லென்ஸு எப்போப்பா பொறந்துச்சு?”ன்னு நம்ம மரகதம் கேட்டாளே, மூணு வயசுல... ஞாபகம் கீதுங்களா?

நாகப்பன்: இப்போ இன்னாத்துக்கு அது? அவ எட்டாவது படிக்கிறா.

சரோஜா: இல்ல, அதையே சன்னலாண்ட திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு கீறீங்களே. நாளைக்கித் தேரு. கேமரா பையக் கட்டி வைக்க வேணாமா?

நாகப்பன்: ரஷ்யாக்காரன் லென்ஸு நம்பர்லயே வருஷத்த வெச்சிட்டான், மொத ரெண்டு இலக்கம்... அறுபத்தொம்பதுன்னு காட்டினேன். “அப்போ எனக்கு அண்ணன்”னு மடியில போட்டுத் தாலாட்டினா.

சரோஜா: தாலாட்டினது மட்டுமா? அம்மி மேல போட்டு விளிம்ப நெளிச்சாளே.

நாகப்பன்: அதான்... அந்த நெளிவு...

சரோஜா: நெளிவுக்கு இன்னா?

நாகப்பன்: ஒண்ணுமில்ல.

சரோஜா: போன வருஷத் தேர்ப் படத்தப் பாத்துட்டு, “உடையவரு புகைக்குள்ள எழுந்தருளியிருக்காரு நாகப்பா”ன்னாரு தர்மகர்த்தா. இந்த வாட்டியும் மங்கலா வந்தா வேற ஆளப் பாத்துக்கறேன்னாரு. நீங்க இன்னா சொன்னீங்க? எப்பவும் போல கண்ணு சரியில்லன்னீங்க.

நாகப்பன்: கண்ணுதான்...

சரோஜா: அதுக்குத்தான் ரெண்டு வருஷமா பொன்னாங்கண்ணிக் கீரை.

நாகப்பன்: ஆடு கூட அவ்ளோ தின்னிருக்காது.

சரோஜா: பலன் கீதுங்களா? இப்போ தெளிவா தெரியுதா?

நாகப்பன்: தெரியுது சரோஜா. அதான் கொழப்பமே. நேத்து வரைக்கும் இதுக்குள்ள வெள்ளை நூலாட்டம் பூஞ்சை ஓடியிருந்துச்சு. இன்னிக்கி ஒரு நூலு கூட இல்ல. வெளிச்சத்துல நீலமா மின்னினது, இப்போ தேன் கலரா மின்னுது. இதோ, நெளிவும் கீது. இது... அது இல்ல.

சரோஜா: நம்பரு அறுபத்தொம்பதுதானே போட்டிருக்கு?

நாகப்பன்: முன்னாடி நம்பர் போட்ட வளையத்தக் கழட்டி வேறதுல மாட்டிடலாம்.

சரோஜா: அது உங்களுக்கு எப்டித் தெரியும்?

நாகப்பன்: ...நானே மாட்டியிருக்கேன்.

சரோஜா: ம். சொல்லுங்க.

நாகப்பன்: வாலாஜாபாத்துல என் கூட்டாளி கோதண்டம் ஸ்டுடியோ தொறந்த வருஷம் மழைத் தண்ணி உள்ள பூந்து, அவன் லென்ஸுல பூஞ்சை புடிச்சிச்சு. அதுவும் இதே மாதிரி ரஷ்யா ஹீலியோஸ் லென்ஸுதான், எழுபத்தஞ்சுல பொறந்தது. தொடச்சுத் தரேன்னு வாங்கினேன். கண்ணாடி மேல இருந்த பூச்சு வரைக்கும் அரிச்சிடுச்சு, போகல. அவனுக்கு இருந்தது அது ஒண்ணுதான், அப்பத்தான் நாலு கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஒத்துக்கினு இருந்தான்...

சரோஜா: அதனால?

நாகப்பன்: நம்ம லென்ஸுல அவன் எழுபத்தஞ்சு வளையத்த மாட்டி, “சுத்தமாயிடுச்சுடா”ன்னு குடுத்துட்டேன். அவன் லென்ஸுல நம்ம வளையத்த மாட்டி நான் வெச்சிக்கினேன்.

சரோஜா: அவரு கண்டுபுடிக்கலயா?

நாகப்பன்: நம்பரப் பாத்தான், வாங்கிக்கினான். நெளிவ மட்டும் கேட்டான். கைதவறிப் போட்டுட்டேன்னு சொல்லித் திட்டு வாங்கிக்கினேன். இன்னா சிரிக்கிற? உன்கிட்ட சொல்லலன்னு கோவமில்லயா?

சரோஜா: அந்த வருஷம் ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்க நெளிவத் தேடினேன். வருஷா வருஷம் அந்தக் குழியிலதானே குங்குமம் வைப்பேன்? விளிம்பு வழவழன்னு இருந்துச்சு.

நாகப்பன்: அப்பவே தெரியுமா? அப்போ... கீரை?

சரோஜா: கண்ணு கோளாறுன்னு நீங்க சொன்னா வூட்டுல வைத்தியம் நடக்க வேணாமா? கோதண்டம் அண்ணன் சாப்புட வர்றப்போ நம்ப வேணாமா?

நாகப்பன்: அடிப்பாவி... ரெண்டு வருஷம்.

சரோஜா: நல்ல காரியத்த மறைக்கிறவருக்குக் கொஞ்சம் ஒத்தாசை. அவ்ளோதான்.

நாகப்பன்: சரி, இது எப்டித் திரும்பி வந்துச்சு?

சரோஜா: காலையில நீங்க கோயிலுக்குப் போனப்புறம் அண்ணன் வந்தாரு. மதராஸ்ல வேற லென்ஸு கெடச்சுதாம், எழுபத்தெட்டுல பொறந்ததுன்னு காட்டினாரு. அப்புறம், “அந்த நெளிவுல எவ்ளோ தொடச்சாலும் குங்குமம் போகல தங்கச்சி. கைதவறிப் போட்டவன் அதுல பொட்டா வைப்பான்?”னு கேட்டுட்டு, நாளைக்கித் தேராச்சேன்னாரு. உங்க பை எங்கன்னு கேட்டாரு.

நாகப்பன்: நீ இன்னா சொன்ன?

சரோஜா: பையக் காட்டிட்டுக் காப்பி போடறேன்னு உள்ள போய்ட்டேன். வளையம் கழட்டற சத்தம் கேட்டுச்சு. அது நிக்கிற வரைக்கும், திரும்பிப் பாக்காம, ஆத்தின காப்பியவே ஆத்திக்கினு இருந்தேன்.