தேவதை ராணியின் இடுப்பளவு

தேவதைகளுக்கு உடை தைப்பது மனிதர்களுக்குத் தைப்பதைவிடச் சுலபம், ஐயா. யாரும் தேவதையைப் பார்த்ததில்லை; அதனால் குறை சொல்ல ஆளில்லை. எங்கள் குழு போடுகிற அந்தப் பழைய காட்டு நாடகத்துக்கு எத்தனையோ சிறகுகள் தைத்திருக்கிறேன். முன்பெல்லாம் அதில் தேவதை ராணியே நான்தான். எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு, "நீங்க டிரஸ்ஸைப் பாத்துக்கோங்க, தங்கச்சி நடிக்கட்டும்" என்றார் டைரக்டர். நியாயமான பேச்சுதான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

கடைசியாக நான் போட்ட ராணி உடையைத் தங்கைக்குப் போட்டுப் பார்த்தோம். "இதுக்குள்ள என்னை மாதிரி ரெண்டு பேர் புகலாம்க்கா" என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

புது உடையை அவள் அளவுக்கே தைத்தேன். அடுத்த ஒத்திகைக்கு முன்னால் பக்கவாட்டுத் தையலைக் கொஞ்சம் உள்ளே பிடித்துவிட்டேன். முதுகுக் கொக்கி மாட்டவில்லை.

"என்னக்கா, சின்னதாயிடுச்சா?"

"துணி எங்கேயாவது தானா சின்னதாகுமா? நீதான்..."

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. மிச்சத்தை அவளே சொல்லிக்கொண்டாள்.

இராச் சாப்பாட்டை விட்டாள். கொக்கி மாட்டியது. மறுபடி பிடித்துத் தைத்தேன். காலைச் சாப்பாடும் போயிற்று. டேப்பைச் சுற்றி அளவை வாசிப்பது நான். பரீட்சை முடிவு கேட்பவளைப் போல அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு முறையும் கூட்டியே சொன்னேன்.

"வீட்டுத் துணியெல்லாம் தொளதொளன்னு இருக்கேக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"துவைச்சுத் துவைச்சுத் தளர்ந்திருக்கும்டி" என்றேன். தையல்காரி சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அதுவும் கூடப்பிறந்தவள்.

தலை சீவினால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். தானாகவே வேடத்தை விட்டுவிடுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, "நீ இவ்ளோ கஷ்டப்பட்டுத் தைக்கறே, நான் வாயைக் கட்ட மாட்டேனா?" என்றாள். எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. குறுகுறுத்துக்கொண்டேதான் தைத்தேன்.

கடைசி ஒத்திகையில் ராணி காட்டில் தூங்கும் காட்சி. படுத்தாள். எழுப்புகிற பாட்டு முடிந்தும் எழவில்லை. வசனம் மறந்துவிட்டாள் என்று யாரோ திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பட்டினியில் இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். "இவ ஏன் இப்படிப் பண்ணிக்கிட்டா?" என்று அம்மா என்னைத்தான் கேட்டாள்.

நான்தான் கொன்றேன். அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து எனக்கும் ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை.

ஆசைப்பட்ட உடையிலேயே அவளை அனுப்பலாம் என்றாள் அம்மா. பிடித்த தையல்களையெல்லாம் பிரித்து, முதலில் தைத்த அளவுக்கே கொண்டுவந்து போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் அள்ளிச் செருக வேண்டியிருந்தது. அப்போது காதருகே குனிந்து, "நீ குண்டாகவே இல்லடி" என்றேன். அவளிடம் உண்மையைச் சொல்லாமல் விட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.