மாப்பிள்ளை வீட்டுக்கு நாற்பது, பெண் வீட்டுக்குப் பத்து

என் பெயர் செந்தமிழ்ச்செல்வி, வயது 46, கணவர் பெயர் அறிவுச்செல்வன், மணலூர்பேட்டை கடைவீதியில் குடியிருந்து, அதே தெருவில் பத்தொன்பது வருடமாக மருந்துக்கடை நடத்தி வருகிறேன். கரும்பு விவசாயி கண்ணாயிரம் என்பவர், நான் அவருக்கு வீரியம் குறைந்த போலி மாத்திரை விற்றதாகவும், கேட்டபோது அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பிடுங்கியதாகவும் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. பிடுங்கியது உண்மை. போலி என்பது பொய். ஒரு தடவை அந்தப் பேர் வந்துவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மேற்படி கண்ணாயிரம் இரண்டு வருடமாக எங்கள் ஊர் டாக்டர் மணிமொழியின் சீட்டைக் கொண்டுவந்து, மாரடைப்பு வராமல் தடுக்கக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை, பத்து மில்லிகிராம், என்னிடம் வாங்கி வருகிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் அபிநயாவின் நிச்சயதார்த்தப் பந்தி முடிந்ததும், அவரும் மாப்பிள்ளையின் அப்பாவான திருக்கோவிலூர் தீனதயாளனும் மாத்திரை எடுக்க, இரண்டும் ஒரே மருந்து என்பதும், சம்பந்தியினுடையது நாற்பது என்பதும் தெரிந்திருக்கிறது. அதன்பின் யாரோ, "இதுலயும் பொண்ணு வூடு கம்மிதானா?" என்று சிரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பத்தொன்பது தட்டு வைத்தார்கள் என்று தாம் இருபத்தொன்று வைத்த மனிதருக்கு அது பொறுக்கவில்லை.

அதன்பின் இன்று காலை பத்து மணிக்கு அவர் கடைக்கு வந்து, "இன்னாமா செல்வி, ஆள் பாத்துதான் மருந்து குடுக்கிறியா? எனக்கும் நாப்பது எடு" என்றார். சீட்டு இல்லாமல் தரமுடியாது என்றேன். அதன்பின் அவர், பத்தையே நாலாகப் போட்டுக்கொள்வதாகச் சொல்லி, தம் பழைய அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளை உள்ளங்கையில் பிதுக்கினார். நான் கவுண்டரைத் தாண்டி வந்து மாத்திரை, அட்டை அனைத்தையும் பிடுங்கினேன். இந்த உடம்போடு எப்படித் தாண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் தெருவே கேட்கப் போலி, போலி என்று கத்திக்கொண்டு இங்கே காவல் நிலையத்துக்கு வந்துவிட்டார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அதன்பின் தாங்கள் அழைத்ததன் பேரில், மூன்று மாதத்துச் சீட்டு நகல்களை எடுத்து வந்து நிலைய மேசையில் ஊர்வாரியாக அடுக்கிக் காட்டினேன். மணலூர்பேட்டைச் சீட்டுகளில் பெரும்பாலும் பத்து, திருக்கோவிலூர்ச் சீட்டுகளில் பெரும்பாலும் நாற்பது. எங்கள் டாக்டரம்மா குறைவாக ஆரம்பித்து ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் கூட்டுவார். அங்கே ஆரம்பமே நாற்பது. எது சரி என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ரிஷிவந்தியத்தில் இருபது எழுதுவார்கள் என்று நான் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த ஏட்டய்யா தம் சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதன்பின் மேற்படி கண்ணாயிரத்தின் சம்மதத்தோடு டாக்டரம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டோம். "அவருக்குப் பத்துலயே கொலஸ்ட்ரால் நல்லா எறங்கிடுச்சி. அப்புறம் இன்னாத்துக்கு ஜாஸ்தி?" என்றார். அதைக் கேட்டதும் மேற்படியார் நிமிர்ந்து உட்கார்ந்து, உடனே சம்பந்திக்குப் போன் செய்து, "எனக்குப் பத்துலயே எறங்கிடுச்சாங்க. உங்களுக்குத்தான் நாப்பது வேண்டிக்கிது, பாவம், ஒடம்ப பாத்துக்கோங்க" என்றார். அதன்பின் புகாரை வாபஸ் வாங்கினார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். போகும்போது எதிர் டீக்கடையில் நின்று, செல்வி கடைப் பத்து மற்ற கடை நாற்பதுக்குச் சமம் என்று சத்தமாகச் சொன்னது இங்கே உள்ள அனைவருக்கும் கேட்டது.

மேலே எழுதியிருப்பதைப் படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, ஒன்றும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. மேற்படி தீனதயாளன் திருக்கோவிலூரிலிருந்து வந்து, அந்தப் பத்து தமக்கும் வேண்டும் என்று என் கடை வாசலில் நிற்பதாகக் கணவர் இப்போது போனில் சொல்வதால், சீட்டு இல்லாமல் அவருக்கும் தரமாட்டேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டு, என்னைச் சீக்கிரம் அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
அ. செந்தமிழ்ச்செல்வி